கம்பியும் கணக்கும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு நிறுவையின் தன்மையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரைக்குள் புகுந்து, மரத்துக்கு மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியிலே சேர்த்து, தோள் நோகச் சுமந்து ஸ்டோருக்குக் கொணர்ந்தவன் தொழிலாளி. அப்பாலை நிறுத்தவரோ கிராணியார். பாலில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்தவரும் அவரே. பார்த்ததைப் புத்தகத்தில் எழுதியவரும் அவரே. அளவு நேர்மையாக இருந்த தோட்டங்களும் உண்டு. இல்லாத தோட்டங்களும் உண்டு. ஆனால் நேர்மையாயினும் அன்றாயினும், அளவுகோல் ஒருவர் கையிலும் உழைப்பு மற்றொருவர் கையிலும் இருந்தது என்பது மட்டும் எங்கும் ஒன்றாகவே இருந்தது.

இப்பழங்கதை இன்று எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்த ஸ்டோரும் நிறுவையும் பேராக் மாநிலத்தின் பல தோட்டங்களில் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவருள் பலர் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் குடிபெயர்ந்தனர். சிலர் பழைய லயங்களிலேயே எஞ்சி நிற்கின்றனர். ஆனால் நிறுவை மறைந்துவிடவில்லை. அதன் உருவம் மாறிற்று. அந்நாளில் நாம் கொடுத்த பாலை அது நிறுத்தது. இந்நாளில் நாம் வாங்கும் இணையத்தை நிறுக்கிறது. மாதத்திற்கு இத்தனை ஜிபி, அதற்குமேல் சென்றால் வேகம் குறையும், அன்றி மேலும் பணம் கட்டவேண்டும் என்னும் வரம்பே இன்றைய நிறுவை. இவ்வரம்பு எவ்வழியாக வந்தது, அதற்கு நியாயம் உண்டா, அதனை நெறிப்படுத்த அரசாங்கம் செய்தது யாது என்பவற்றைக் கால வரிசையில் ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை நினைவூட்ட விரும்புகிறோம். உலகத்தைக் கம்பியால் கட்டிய வேலையில் நம் மண்ணுக்குப் பழைய பங்கு உண்டு. கடலுக்கடியில் தந்திக் கம்பி போடவேண்டுமானால், உப்புநீர் புகாதபடி அதன்மேல் உறை போடவேண்டும். அவ்வுறைக்கு 19-ஆம் நூற்றாண்டில் உதவியது மலாய்க் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால். கட்டாபெர்ச்சா என்று ஐரோப்பியர் வழங்கிய இப்பாலைப் பூசியே 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியிலும் கம்பி இடப்பட்டது. ரப்பர் மரத்தைப் போல் நாள்தோறும் சீவி எடுக்கும் பாலன்று இது. மரத்தையே வீழ்த்தி எடுத்தது. ஆகவே காடு காடாக மரங்கள் சாய்ந்தன. உலகம் பேசிக்கொள்ள நம் மலைக்காடுகள் தம் உயிரைக் கொடுத்தன என்பது மிகையன்று.

1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி வந்தது. நம் முன்னோர் கப்பலின் தளத்தில் பல நாள் படுத்துக் கடந்த அதே கடலை, செய்தி சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கியது. ஆனால் யாருடைய செய்தி? தந்திக்கு விலை சொல்லுக்குச் சொல் கணக்கிடப்பட்டது. வணிகக் கம்பெனிகள் இதற்கொரு சூழ்ச்சி கண்டன. ஒரு நீண்ட வாக்கியத்திற்கு ஒரே சொல்லைக் குறியாக வைத்துச் சங்கேதப் புத்தகங்கள் அச்சிட்டன. பத்துச் சொல்லின் செய்தியை ஒரு சொல்லின் விலைக்கு அனுப்பின. கூலிக்காரனுக்கு அப்புத்தகம் ஏது? அவன் கடிதம் எழுதுவித்து மாதக்கணக்கில் மறுமொழிக்குக் காத்திருந்தான். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று நம் வீட்டுப் பெண்கள் அஞ்சி அலறிய வழக்கம் எங்கிருந்து வந்தது? சாவு ஒன்றுக்கே அவ்வளவு பணம் செலவிட ஏழைக்கு மனம் துணிந்தது, அதனாலேதான். ஆக, அளந்து விற்கும் முறை மனிதன் எதைப் பேசலாம், எதைப் பேசாது விடலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. இதனை வாசகர் மனத்தில் இருத்துக.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ரப்பர்ச் சரித்திரம் அங்கே தொடங்குகிறது. பின்னர் ரப்பர் பெருகிற்று, தோட்டங்கள் பெருகின, தொலைபேசியும் வந்தது. வந்தது எங்கே? துரையின் பங்களாவிற்கும் ஆபீசுக்கும். லயத்தில் இருந்தவனுக்குக் கம்பி தலைக்குமேல் சென்றதே யன்றி வீட்டிற்குள் வரவில்லை. பட்டணத்துக்கு வந்து பேச விரும்பியவனும் டிரங்கால் என்னும் முறையில் மூன்று நிமிடத்திற்கு இவ்வளவு என்று கட்டிப் பேசினான். சொல்லுக்கு விலை போய், நிமிடத்திற்கு விலை வந்தது, அவ்வளவே.

நிற்க. நம் காலத்திற்கு வருவோம். அரசாங்க இலாகாவாக இருந்த தொலைபேசித் துறை 1987-இல் கம்பெனியாக்கப்பட்டது. 1990-இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. அக்காலத்தில் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர், சுங்கை சிப்புட் தொகுதியின் பிரதிநிதியாகிய டத்தோ ச. சாமிவேலு. தோட்டத் தமிழர் நிறைந்த தொகுதியின் உறுப்பினர் கையிலேயே அத்துறை இருந்தும், கம்பி எங்கே போகவேண்டும் என்பதை வருவாய்க் கணக்கே முடிவுசெய்யும் காலம் அப்போதுதான் பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. ஒருவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. பதவியில் நம்மவர் இருப்பது வேறு. அமைப்பு நம்மவர்க்காக இயங்குவது வேறு என்பதற்கே சொல்கிறோம்.

1990-களில் மிமோஸ் நிறுவனம் ஜாரிங் என்னும் இணையச் சேவையை நடத்தியது. 1996-இல் டெலிகோம் தன் டிஎம்நெட்டைத் தொடங்கியது. 1511 என்றும் 1515 என்றும் எண்களைச் சுழற்றி, கருவி கீச்சிட்டு இணைவதற்குக் காத்திருந்த காலத்தை ஈப்போ நகரத்து அன்பர் பலர் மறந்திரார். அதற்கும் நிமிடக் கணக்கே. 2001-இல் ஸ்திரீமிக்ஸ் என்னும் பெயரில் பிராட்பேண்ட் வந்தபோது நிமிடக் கணக்கு ஒழிந்தது. மாதக் கட்டணம் வந்தது. நகரத்தார் நிம்மதி யடைந்தனர்.

தோட்டப்புறத்தார் நிலை யாது? ஸ்திரீமிக்ஸ் பழைய செம்புக் கம்பியின் வழியே ஓடியது. செம்பின் இயல்பு என்னவெனில், தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட வேகம் தேயும். சில கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பே நிற்காது. நிலையங்களோ பட்டணங்களில் இருந்தன. பட்டணத்திலிருந்து மண்சாலையில் பல மைல் உள்ளே கிடந்த லயத்திற்கு அது எட்டாப் பழமாயிற்று. கம்பம் நடுவதற்கும் நிலத்துக்கு உடையவரின் இசைவு வேண்டும்; தோட்ட நிலமோ கம்பெனிக்கு உரியது. ஆகவே பழைய லயத்துக் குடும்பங்கள் பிராட்பேண்ட் என்னும் ஒரு படியையே தாண்டி, நேரே கைப்பேசி இணையத்துக்குச் சென்றன. அங்கே மீண்டும் அளந்து விற்கும் முறை காத்திருந்தது.

2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோமும் அதிவேக இணையத்திற்கான ஒப்பந்தம் செய்தன. மொத்தச் செலவு 1,130 கோடி வெள்ளி. அதில் 240 கோடி வெள்ளி பொதுமக்களின் பணம். 2010 மார்ச்சில் யூனிஃபை என்னும் பெயரில் சேவை தொடங்கிற்று. முதலில் பெற்ற இடங்கள் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம். அனைத்தும் கிள்ளான் பள்ளத்தாக்கே. மாநிலத் தலைநகரங்களையும் தேர்ந்த பெரிய ஊர்களையும் புறநகர்களையும் கருதிய அடுத்த ஒப்பந்தங்கள் 2015 டிசம்பரில்தான் கையெழுத்தாயின. வரி எல்லோரும் கட்டியது. வரிசையோ இவ்வாறு அமைந்தது.

அந்த 2010-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில்தான் நாம் ஆராயும் வரம்பு வெளிப்படையாகத் தோன்றியது. 5 எம்பிபிஎஸ் வேகத்திற்கு மாதம் 149 வெள்ளி, வரம்பு 60 ஜிபி; 10-க்கு 199 வெள்ளி, 90 ஜிபி; 20-க்கு 249 வெள்ளி, 120 ஜிபி. வரம்பு உடனே நடைமுறைக்கு வரவில்லை யெனினும் பட்டியலில் நின்றது. இவ்விலையின் கனத்தை அறிய ஒரு கணக்குப் போதும். 2013-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி என்று முதன்முதலாக வந்தது. 149 வெள்ளி என்பது அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

இவ்வரம்புக்கு நியாயம் உண்டா? கம்பெனிகள் கூறுவது இதுவே: அதிகம் பயன்படுத்துவோர் சிலர், அவர்களால் மற்றவர்க்கு இடைஞ்சல், ஆகவே அளவு வேண்டும். இதைப் பகுத்தறிவு கொண்டு ஆராய்வோம். கண்ணாடி இழை இணைப்பில் பெருஞ்செலவு எங்கே இருக்கிறது? பள்ளம் தோண்டுவதில், கம்பம் நடுவதில், நிலையம் அமைப்பதில். இழையை இட்டபின் அதன் வழியே ஒரு ஜிபி சென்றாலும் நூறு ஜிபி சென்றாலும் செலவில் பெரும் வேறுபாடில்லை. கடல்கடந்த இணைப்பையும் கம்பெனிகள் பெரும்பாலும் ஜிபி கணக்கில் வாங்குவதில்லை. நெரிசல் வேளையில் எத்துணை அகலமான பாதை தேவையோ அத்துணைக்கே விலை கொடுக்கின்றன. நெரிசல் உண்டாவது இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் வீட்டிலிருக்கும் போது. பின்னிரவு இரண்டு மணிக்குப் பாடம் இறக்கிக்கொள்ளும் மாணவனால் எவர்க்கும் இடைஞ்சல் இல்லை. மாத வரம்போ இரண்டையும் ஒன்றாகவே நிறுக்கிறது. நெரிசலுக்கு மருந்து என்று கூறி நெரிசலைத் தீண்டாத மருந்தைக் கொடுப்பது எவ்வகை வைத்தியம்?

கைப்பேசி இணையத்தின் நிலை சற்று வேறு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒரு கோபுரத்தின் அலையை அருகிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். அலைக்கற்றைக்கு எல்லை உண்டு. அங்கே ஓரளவு கட்டுப்பாடு தவிர்க்க முடியாதது. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். கண்ணாடி இழை பெற்ற பட்டணத்தான் வரம்பின்றிப் பயன்படுத்துகிறான். இழை எட்டாத தோட்டத்தான் கோபுரத்தை நம்பி, ஜிபி ஜிபியாக முன்பணம் கட்டி வாங்குகிறான். நாள் கடந்தால் எஞ்சியதையும் இழக்கிறான். ஓர் அளவுக்கு அதிக விலை கொடுப்பவன் குறைந்த சம்பளக்காரனே. சாக்காக அரிசி வாங்குவோனைக் காட்டிலும் கடையில் நாழி நாழியாக வாங்குவோன் அதிகம் கொடுத்த பழைய கணக்கே இது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு நடந்தது. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்னும் பெருங்கம்பெனி 2008 அக்டோபரில் மாதம் 250 ஜிபி என்று வரம்பு வைத்தது. அங்கும் போட்டி இல்லாத ஊர்களிலேயே வரம்பு எளிதில் நிலைபெறுகிறது என்று பயனீட்டாளர் முறையிட்டனர். இந்தியாவில் 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி செய்தது. இணையத்தில் எதைப் பார்க்கிறாய் என்பதை வைத்து விலையில் வேறுபாடு செய்யலாகாது என்பதே அது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ என்னும் புதிய கம்பெனி சந்தைக்கு வர, கைப்பேசி இணையத்தின் விலை அங்கே சரிந்தது. அதுவரை இறங்க முடியாது என்று கூறப்பட்ட விலை, போட்டி வந்தவுடன் இறங்கியது. இவற்றால் நாம் அறிவது, விலையும் வரம்பும் இயற்கை விதிகள் அல்ல என்பதே. மனிதர் வைத்தவை, மனிதரால் மாற்றத்தக்கவை.

இனி நம் நாட்டுச் சட்டத்தைக் காண்போம். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம், விலை வைக்கும் உரிமையைக் கம்பெனிகளுக்கே விட்டது. ஆயினும் விலைக்குரிய நெறிகளையும் அச்சட்டமே கூறுகிறது: விலை நியாயமாக இருக்கவேண்டும்; ஒத்த நிலையிலுள்ளோரிடையே தகாத வேற்றுமை காட்டலாகாது; விலை செலவை ஒட்டியிருக்கவேண்டும். இந்நெறிகள் நெடுநாள் ஏட்டில் உறங்கின. பெரும்பாலான ஊர்களுக்கு இழை இட்டிருந்தது ஒரே கம்பெனி. பிற கம்பெனிகள் அதன் பாதையை வாடகைக்குக் கேட்டால், அவ்வாடகையே விலையை உயர்த்திற்று. இம்முடிச்சை அவிழ்க்க ஆணையம் ஒரு கட்டாய விதி செய்தது. பாதைக்காரர் பிறரிடம் வாங்கும் மொத்த வாடகைக்கு, செலவைக் கணக்கிட்டு ஓர் உச்சவரம்பு விதித்தது. இது 2018 ஜூன் 8-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அமைச்சரான கோபிந்த் சிங் டியோ அதனை உறுதியுடன் செலுத்தினார். ஆண்டு முடிவதற்குள் விலைகள் வீழ்ந்தன. 2010-இல் 20 எம்பிபிஎஸ் தொகுப்புக்கு 249 வெள்ளி கேட்ட அதே பெயரில், 2018 இறுதியில் 100 எம்பிபிஎஸ் 129 வெள்ளிக்குக் கிடைத்தது. முன்னதில் தொலைக்காட்சியும் தொலைபேசியும் சேர்ந்திருந்தன என்று கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு பெரிது. அளப்பவன்மீது அளவுகோல் வைத்தபோது நடந்தது இது.

ஆனால் நிறைவாக மகிழ முடியவில்லை. அதே 2018-இல் குறைந்த வருவாயினரை முன்னிட்டு மாதம் 79 வெள்ளிக்கு ஒரு திட்டம் வந்தது. வேகம் 30 எம்பிபிஎஸ். வரம்பு 60 ஜிபி. அதிக விலைத் திட்டங்கள் வரம்பின்றி யிருக்க, ஏழைக்கென்று வந்த திட்டத்தில் மட்டும் வரம்பு ஒட்டிக்கொண்டது. செம்புக் கம்பியிலேயே விடப்பட்ட சிற்றூரார்க்கோ, வேகப் பெருக்கம் நகரத்தார்க்குக் கிடைத்தாற்போல் கிடைக்கவில்லை.

60 ஜிபி போதாதா என்பாருக்கு 2020 விடை கூறியது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் இணையத்துக்கு ஏறியது. முகம் பார்த்துப் பேசும் வகுப்பு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி தின்னும். மூன்று பிள்ளைகள், நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் பன்னிரண்டு ஜிபி. 60 ஜிபி ஐந்தே பள்ளி நாளில் தீர்ந்துவிடும். அரசாங்கம் ஏப்ரல் முதல் நாளிலிருந்து கைப்பேசிகளுக்குப் பகலில் நாளொன்றுக்கு ஒரு ஜிபி இலவசமாகக் கொடுக்கச் செய்தது. நன்று; நன்றியோடு ஏற்போம். ஆனால் அது ஒரு பிள்ளையின் ஒரு மணி நேர வகுப்பு. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பன் வேலையிலிருந்து திரும்பினால்தான் கைக்கு வரும் என்ற குடும்பத்தில் எந்தப் பிள்ளை படிப்பது? மூத்தவனா, பரீட்சைக்குரியவளா, இன்னும் எழுத்துக் கூட்டும் சின்னவனா? தாய் ஒருத்தி இவ்வாறு தன் பிள்ளைகளுக்குள்ளேயே அறிவை நாழி போட்டு அளக்கும் நிலை வந்ததே, அதுதான் இவ்வரம்பின் உண்மையான விலை.

சிலர் கூறுவர்: இணையம் வந்தால் பிள்ளைகள் சினிமாவும் விளையாட்டும் பார்த்துக் கெடுவார்கள், வரம்பு இருப்பதே நல்லது என்று. தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது என்பதற்காகப் பள்ளிக்கூடம் வேண்டாமென்று நாம் கூறினோமா? கள்ளை ஒழிக்கப் பாடுபட்டோம். பள்ளியைக் கேட்டு வாங்கினோம். பிள்ளையைத் திருத்தும் பொறுப்பு பெற்றோருக்கு உரியது; அதனைக் கம்பெனியின் விலைப்பட்டியலுக்கு ஒப்படைப்பது அறிவுடைமை யாகாது.

இனிச் செய்யத்தக்கது யாது? முதலாவது, பாதை. சேவை குன்றிய இடங்களுக்குத் தொடர்பு கொண்டுசெல்ல ஒரு பொது நிதி உள்ளது. ஓரளவுக்கு மேல் வருவாயுள்ள உரிமம் பெற்ற கம்பெனிகள், கணக்கிட்ட நிகர வருவாயில் நூற்றுக்கு 6 வீதம் அதற்குச் செலுத்தவேண்டும். 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டமும் நாட்டின் மூலை முடுக்குகளுக்குத் தொடர்பைக் கொண்டுசெல்லவே ஏற்பட்டது. ஆனால் தோட்ட லயமோ கம்போங்கும் அன்று, பட்டணமும் அன்று. தனியார் நிலத்துக்குள் கிடப்பதால் கணக்கெடுப்போர் கண்ணில் எளிதில் படுவதில்லை. நம் ஊர்ப் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது நம்முடைய வேலை.

இரண்டாவது, சட்டம். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்ட முதலாளி குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும் என்கிறது. இணையத்தைப் பற்றி அது பேசவில்லை. ஒருகாலத்தில் தண்ணீரையும் விளக்கையும் கருணை என்றே துரைமார் எண்ணினர். போராடிய பின்பே அவை கடமை யாயின. இணையமும் அவ்வரிசையில் சேரவேண்டும் என்று நம் சங்கங்களும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்கட்டும்.

மூன்றாவது, அளவு. வரம்பு வைப்பதானால் எதற்காக, எந்த வேளை நெரிசலுக்காக என்று கம்பெனி வெளிப்படையாகக் கணக்குக் காட்டவேண்டும். ஏழையின் திட்டத்துக்கு மட்டும் வரம்பு என்பது சட்டம் கூறும் நியாயத்தோடு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு இடமும் உண்டு: 2001-இல் அமைந்த பயனீட்டாளர் மன்றம் முறையீடுகளை ஏற்கிறது, அதற்குமேல் ஆணையம் உள்ளது. எழுதத் தெரிந்த இளைஞர் ஒவ்வொருவரும், எழுத வராத நான்கு வீட்டாருக்கு முறையீடு எழுதிக் கொடுப்பாராயின், அதுவே பெருந்தொண்டு.

தாபான் மரத்தின் பாலைக் கொடுத்தோம். ரப்பர் மரத்தின் பாலையும் கொடுத்தோம். இரண்டையும் பிறர் நிறுத்தார்கள். நாம் நிறுவையைப் பார்த்து நின்றோம். நம் பிள்ளைகளின் கல்வியையும் பிறர் நிறுக்க, மீண்டும் பார்த்து நிற்பதா? கிராணியார் புத்தகத்தை மூடும் முன்பு, அதை ஒருமுறை நம் கண்ணுக்கும் காட்டும்படி கேட்போமாக.